‘செஷன் 9’: ஒரு வாரத்தில் முடிக்க வேண்டிய வேலை

2001 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவில் சில அரங்குகளில் மட்டும் வெளியான ‘செஷன் 9’ படத்தின் பட்ஜெட் சுமார் 15 லட்சம் டாலர். அந்நாட்டு அரங்குகளில் அது வசூலித்தது 4 லட்சம் டாலரைத் தொடவில்லை. கணக்குப்படி தோற்ற படம்தான். ஆனால் டிவிடியில் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அது நிலைத்துவிட்டது. மனநலக் காப்பகத்தைக் களமாக வைத்துக் குறைந்த செலவில் திகில் படம் எடுக்க நினைக்கும் யாரும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டிய படம் இதுதான். இயக்கமும் படத்தொகுப்பும் பிராட் ஆண்டர்சன். அவரும் ஸ்டீபன் கெவடனும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒளிப்பதிவு ஊட்டா பிரீசெவிட்ஸ். முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே பேசப்போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

இந்த வகைப் படங்களில் பெரும்பாலும் யாராவது பேயைத் தேடிக்கொண்டு கட்டடத்துக்குள் போவார்கள். ‘செஷன் 9’இல் ஐந்து பேர் கூலி வேலைக்குப் போகிறார்கள். மூடிக்கிடக்கும் ஆஸ்பத்திரியில் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் நார்ப்பொருள்) அகற்றும் வேலை. குழந்தை பிறந்து கொஞ்ச நாளே ஆன கோர்டன்தான் முதலாளி. தொழில் நொடித்துக் கிடக்கிறது. இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் வேலையை ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொள்கிறான். முடித்தால் 10,000 டாலர் போனஸ். படம் திங்கள், செவ்வாய் என்று கிழமை போட்டு நகர்கிறது. பேய் வருமா வராதா என்று யோசிப்பதற்கு முன்னாலேயே, வேலை முடியுமா என்ற பதைப்பு நமக்குள் ஏறிவிடுகிறது. படத்தின் பலம் முழுக்க இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தது என்பதுதான் நம் பார்வை. செலவு குறைந்தது, நடிப்பு நம்பும்படி அமைந்தது, நோயாளிகளைப் பூதமாக்கும் பாவத்திலிருந்து தப்பித்தது எல்லாமே இதன் விளைவுகள்.

கட்டடம்

படம் பிடித்த இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டான்வர்ஸ் அரசு மனநல மருத்துவமனை. 1874இல் கட்டத் தொடங்கி 1878இல் திறந்தார்கள். வரைந்தவர் பாஸ்டன் கட்டடக் கலைஞர் நதானியேல் பிராட்லி. அது நின்ற குன்றுக்கு ஹாத்தோர்ன் ஹில் என்று பெயர். அமெரிக்காவின் சேலம் பகுதியில் பலரைச் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டி நடத்திய வழக்குகளின் நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாத்தோர்னின் குடும்ப நிலம் அது. டான்வர்ஸ் ஊரே அந்தக் காலத்தில் சேலம் கிராமம் என்றுதான் அழைக்கப்பட்டது. சாதாரணமாக ஒரு திகில் பட இயக்குநர் இந்தத் தகவலைக் கையில் எடுத்தால் விடமாட்டார், முதல் காட்சியிலேயே சூனியக்காரியை எரித்துவிடுவார் (சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை, தூக்கில்தான் போட்டார்கள்). இந்தப் படம் அந்தப் பக்கமே போகவில்லை.

கட்டடத்தின் வடிவத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தாமஸ் கிர்க்பிரைட் என்ற பிலடெல்பியா மருத்துவர் 1850களில் வகுத்த திட்டப்படி கட்டப்பட்டது அது. நடுவில் நிர்வாகக் கட்டடம், இரண்டு பக்கமும் சிறகுகள். ஒவ்வொரு சிறகும் முந்தையதைவிடச் சற்றுப் பின்வாங்கி நிற்கும். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். அமைதியான நோயாளிகள் நடுக்கட்டடத்துக்கு அருகில் இருப்பார்கள், கட்டுக்கடங்காதவர்கள் என்று கருதப்பட்டவர்கள் கடைசிச் சிறகுகளில். ஒவ்வொரு வார்டுக்கும் வெளிச்சமும் காற்றும் இருபுறமும் கிடைக்க வேண்டும் என்பதே பின்வாங்கிக் கட்டியதன் நோக்கம். மேலிருந்து பார்த்தால் இறக்கை விரித்த வௌவால் மாதிரித் தெரியும்.

நல்ல நோக்கத்தோடு கட்டிய கட்டடம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சுத்தமான காற்றும் அமைதியும் வேலையும் மனநோயைக் குணப்படுத்தும் என்று கிர்க்பிரைட் மனதார நம்பினார். ஒரு மருத்துவமனையில் 250 பேருக்கு மேல் கூடாது என்பது அவர் முதலில் போட்ட எல்லை. டான்வர்ஸ் சுமார் 500 பேருக்காகக் கட்டப்பட்டது. 1930களின் இறுதியில் அங்கே 2,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய ஆட்கள் பல மடங்கு கூடினால் என்ன ஆகும்? கட்டிப்போடுவார்கள், பூட்டிவைப்பார்கள், மூளை அறுவைக்கு அனுப்புவார்கள். இத்தகைய கட்டடங்களில் நடந்த உண்மையான கொடுமை ஆள் பற்றாக்குறையிலும் நெரிசலிலும் தொடங்கியது. ‘கோர்டன் செய்ய முடியாத வேலையை ஒப்புக்கொண்டான்’ என்ற கதைக்கும் அந்தச் சரித்திரத்துக்கும் அடியில் ஓடுவது ஒரே நரம்பு.

மருத்துவமனை 1992இல் மூடப்பட்டது. படத்தில் 1985இல் மூடியதாகச் சொல்கிறார்கள். படப்பிடிப்பு 2000த்தில். எட்டு வருடம் பூட்டிக்கிடந்த கட்டடம் என்பதால் ஆர்ட் டிபார்ட்மென்டுக்கு வேலை குறைந்தது. உரிந்து தொங்கும் பெயின்ட், சுவரோரம் விட்டுப்போன நாற்காலிகள், துருப்பிடித்த குழாய்கள் எல்லாம் அங்கேயே கிடந்தன. இதை செட்டாகப் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்டை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். 50 மீட்டர் காரிடார், இருபுறமும் 20 அறைகள், உரிந்த மேற்பூச்சு. இந்த அளவு படத்தில் அதைத் தச்சர்களை வைத்துக் கட்டுவது நடக்காத காரியம். கட்டினாலும் 50 மீட்டர் நீளத்துக்கு ஸ்டூடியோ தளம் வேண்டும்.

அதே நேரம், பெரிய கட்டடம் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லா இடத்திலும் படமெடுக்கவில்லை. தளம் இற்றுப்போன பகுதிகள் அதிகம், அதனால் யூனிட் சின்னதொரு பகுதிக்குள்தான் புழங்கியது. ஒரே காரிடாரை வேறு வேறு கோணத்தில், வேறு வேறு நேரத்து வெளிச்சத்தில் எடுத்து மொத்தக் கட்டடத்தையும் நம் தலைக்குள் கட்டிவிடுகிறார்கள். தொடக்கத்தில் நகராட்சிப் பொறியாளர் இவர்களை அழைத்துக்கொண்டு சுற்றிக் காட்டும் காட்சி அதற்குத்தான். சிறகுகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று வாயாலேயே சொல்லிவிடுகிறார். பிறகு எந்தக் கதவைத் திறந்தாலும் அதற்கு அப்பால் நூறு அறை இருப்பதாக நாமே நினைத்துக்கொள்கிறோம்.

முதல் ஷாட்

ஒரு காரிடார். பகல். நடுவில் தோல் வார்கள் தொங்கும் ஒரு நாற்காலி. ஆனால் அது தலைகீழாக, கூரையிலிருந்து தொங்குவதுபோல் இருக்கிறது. கேமரா மெதுவாகச் சுழல்கிறது, நாற்காலி நேராகிறது. அவ்வளவுதான். ஆள் இல்லை, ரத்தம் இல்லை, அலறல் இல்லை.

இதற்குத் தேவையானவை ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், லென்ஸ் அச்சில் கேமராவைச் சுழற்றும் ஒரு வசதி. இன்று கிம்பலில் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் கருவி) 10 நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஆனால் அதை நகல் எடுப்பவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, வேகமாகச் சுழற்றிவிடுவார்கள். பாதிச் சுற்றுக்குக் குறைந்தது 20 விநாடியாவது கொடுத்தால்தான் ‘எது தரை, எது கூரை’ என்று கண் தடுமாறும். இன்னொன்று, இரவில் எடுப்பார்கள். இருட்டில் தலைகீழ் தெரியாது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் மூளை மேல் கீழைப் பிரிக்கிறது. பகலில் எடுத்ததால்தான் இந்த ஷாட்டுக்கு உயிர்.

படத்தில் பெரும்பகுதி பகலிலேயே நடக்கிறது. லைட்டுக்கான செலவு இதில் பெரிய அளவில் மிச்சம். வார்டின் இருபுறமும் ஜன்னல் வைத்து வெளிச்சம் வரவேண்டும் என்று கட்டிய கிர்க்பிரைட், 120 வருடம் கழித்து ஒரு கேமராவுமனுக்கு உதவியிருக்கிறார்.

கேமராவும் அதன் வில்லங்கங்களும்

விநாடிக்கு 24 முழு ஃப்ரேம்களை வீடியோவில் பதிவு செய்யும் சோனி எச்டிடபிள்யூ-எஃப்900 அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. அதில் எடுத்து அரங்குக்கு வந்த முதல் சில படங்களில் இதுவும் ஒன்று. இன்றைய கண்ணுக்கு அது சாதாரண கேமரா. வெளிச்சத்தைப் பதிவாக்கும் 2/3 அங்குல சிசிடி சென்சார் மூன்று, ஒவ்வொன்றிலும் 1920×1080 புள்ளிகள், ஆனால் டேப்பில் ஏறுவது 8 பிட், 1440×1080. வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 320 வாக்கில்.

அந்தக் காலக் கணக்கைப் போட்டால் ஏன் இதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது புரியும். 90 நிமிடப் படத்துக்கு 15 மடங்கு நீளம் படமெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1,350 நிமிடம். 35 மிமீ பிலிமில் நிமிடத்துக்கு 90 அடி, ஆக 1,21,500 அடி. நெகட்டிவ் விலை, கழுவும் செலவு, பார்ப்பதற்கான மாற்றுச் செலவு என்று எல்லாம் அதன் தலையில். இந்த கேமரா பயன்படுத்தும் எச்டிகேம் டேப்பில் 24 ஃப்ரேம் வேகத்தில் ஒரு கேசட்டுக்கு 50 நிமிடம். 27 கேசட் போதும். கடைசியில் அரங்குக்காக 35 மிமீக்கு மாற்றும் செலவு உண்டு, அது முடிந்த படத்துக்கு மட்டும். மேலும் 1,000 அடி பிலிம் ரோல் 11 நிமிடத்தில் தீரும். ஐந்து நடிகர்கள் நெருக்கமாகச் சண்டை போடும் காட்சியை 50 நிமிடம் நிறுத்தாமல் எடுக்க முடிவது நடிகர்களுக்கு எத்தனை பெரிய வரம்! கோர்டனாக நடித்த பீட்டர் முல்லனும், அவன் கூட்டாளி ஃபில்லாக நடித்த டேவிட் கரூசோவும் பேசும் காட்சிகளில் பேச்சு முட்டி மோதி வருவதைக் கவனித்தால் தெரியும்.

குறை எங்கே? சின்ன சென்சார் என்பதால் பின்னணி மங்காது. அதே கோணத்தில் அதே ஸ்டாப்பில் (லென்ஸ் திறப்பின் அளவு; ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வைத்தால் 35 மிமீயைவிடச் சுமார் இரண்டரை ஸ்டாப் அதிக ஆழம் கூர்மையாகத் தெரியும். காதல் படம் எடுப்பவருக்கு இது தலைவலி. இங்கே அதுவே கைகொடுத்தது. முன்னால் நிற்கும் ஆளும் கூர்மை, 40 மீட்டர் தள்ளியிருக்கும் கதவும் கூர்மை. பார்ப்பவரின் கண் பேசுபவரை விட்டு அந்தக் கதவுக்கு ஓடுகிறது. அங்கே எதுவும் வரப்போவதில்லை. ஆனாலும் கண் திரும்பத் திரும்பப் போகும். இன்று முழு ஃப்ரேம் கேமராவில் லென்ஸை எஃப் 1.4 அளவுக்கு அகலத் திறந்துவைத்துப் பின்னணியைப் பாலாக்கி எடுக்கும் திகில் படங்கள் இந்த ஆயுதத்தைத் தாங்களே கீழே போட்டுவிடுகின்றன. காரிடார் ஷாட் என்றால் லென்ஸ் திறப்பைச் சுருக்கி எஃப் 8க்குக் குறையாமல் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அடுத்த வில்லங்கம் ஜன்னல். இந்த வகை கேமராவில் வெளிச்சம் எல்லை மீறினால் வெள்ளை வெட்டிவிடும், திரும்பக் கொண்டுவர முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் வேலையாட்கள் போடுவதோ வெள்ளை டைவெக் (பிளாஸ்டிக் நார்த் துணி) கவர்ஆல். ஜன்னலுக்கு அருகே வெள்ளை உடை, பின்னால் இருட்டுக் காரிடார் என்பது எந்த டிஜிட்டல் கேமராவுக்கும் சோதனைதான். இதற்கு வழி, எக்ஸ்போஷரை உடையின் வெள்ளைக்கு வைத்துவிட்டு இருட்டைத் தன்போக்கில் விழவிடுவது. கேமராவின் ஜீப்ராவை (வெளிச்சம் குறித்த அளவைத் தொட்ட இடங்களில் திரையில் வரி போட்டுக் காட்டும் வசதி) 90 சதவீதத்தில் காட்டும்படி வைத்துக்கொண்டு, உடையில் வரிகள் விழாமல் பார்க்க வேண்டும். ஜன்னலில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி 6 ஜெல் தாள் ஒட்டினால் இரண்டு ஸ்டாப் குறையும், வெளியே மரங்கள் தெரியும். ஜெல்லில் சுருக்கம் விழுந்தால் வெயில் நகரும்போது மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் சட்டத்தில் இழுத்து ஒட்ட வேண்டும். உடையை டீத்தண்ணீரில் நனைத்துச் சற்று மங்கவைப்பது பழைய காஸ்ட்யூம் தந்திரம். டைவெக் துணி சாயம் ஏற்காது, ஆகவே நீர்த்த பழுப்பு பெயின்டைத் தெளித்துத்தான் மங்கவைக்க முடியும்.

இருட்டுப் பக்கத்தில், சாயல்களைக் குறைந்த படிகளிலேயே பதிவு செய்யும் 8 பிட் தன் குணத்தைக் காட்டும். சுவரில் வெளிச்சம் மெல்லத் தேய்ந்து இருளாகும் இடத்தில் பட்டைபட்டையாகப் பிரியும். கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, 6 டிபி ஏற்றினால் படத்தில் குருணை மேலெழும். உரிந்த பெயின்டும் கறையும் நிறைந்த சுவர் இதை மறைத்துவிடும். வழவழப்பான சுண்ணாம்புச் சுவர் அப்பட்டமாகக் காட்டிவிடும். லொக்கேஷன் பார்க்கும்போதே சுவரின் சொரசொரப்பைக் கவனிப்பது பிற்பாடு கலர் கரெக்ஷனில் இரண்டு நாளை மிச்சம் பிடிக்கும்.

இந்த கேமராவுக்கே உரிய ஒரு நோய் பேக் ஃபோகஸ் நழுவுவது. குளிர்ந்த கட்டடத்துக்குள் கேமரா சூடேறும்போது லென்ஸ் மவுன்டுக்கும் சென்சாருக்கும் நடுவிலுள்ள தூரம் இழையளவு மாறும். நெருக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும், வைட் ஷாட் மட்டும் மெல்லிசாகக் கலங்கும். சின்ன மானிட்டரில் தெரியாது, அரங்கின் திரையில்தான் தெரியும். கேமராவை ஆன் செய்து அரை மணி சூடேறவிட்டுச் சரிபார்ப்பது, சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு மறுபடியும் பார்ப்பது என்று அன்றைய உதவியாளர்கள் பழகிக்கொண்டார்கள்.

இருட்டு துரத்தும் காட்சி

கோர்டனின் அக்காள் மகனோ தம்பி மகனோ முறை வரும் ஜெஃப் என்ற பையனுக்கு இருட்டென்றால் உயிர் போகும் பயம். நிலத்தடிப் பாதையில் அவன் இருக்கும்போது ஜெனரேட்டர் நிற்கிறது. அவனுக்குப் பின்னால் பல்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வருகின்றன. அவன் ஓடுகிறான். படத்திலேயே எல்லோர் மனதிலும் நிற்கும் காட்சி இது, கிராபிக்ஸ் எதுவும் வேண்டாத காட்சியும் கூட.

இதை எடுக்க விரும்புபவர்களுக்கு ஒரு கணக்கு. 40 மீட்டர் பாதை, 4 மீட்டருக்கு ஒரு பல்பு, மொத்தம் 10 பல்பு. ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர், தனி சுவிட்ச். மூச்சிரைக்கப் பயந்து ஓடுபவர் விநாடிக்கு 4 மீட்டர் போவார் என்று கொள்வோம். முதல் பல்பு அணையும்போது அவர் இரண்டாம் பல்புக்குக் கீழே நிற்க வேண்டும். அதன்பின் 0.9 விநாடிக்கு ஒரு பல்பு. அவர் 32 மீட்டர் ஓடிப் பத்தாம் பல்புக்கு வர 8 விநாடி. பத்தாம் பல்பு அணைவது 8.1 விநாடியில். இருட்டு கொஞ்சங்கொஞ்சமாக நெருங்கி, கடைசிப் பல்பின் அடியில் அவரைப் பிடிக்கும். 0.8 விநாடி வைத்தால் இருட்டு அவரை முந்திவிடும், ஒரு விநாடி வைத்தால் பிடிக்கவே பிடிக்காது. ஒத்திகையில் நடிகரின் ஓட்டத்தை இரண்டு மூன்று தடவை நேரம் பார்த்துவிட்டு இந்த எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆறாவது டேக்கில் அவர் களைத்துவிடுவார், அப்போது எண்ணையும் தளர்த்த வேண்டும்.

குண்டு பல்பு அணைந்தாலும் இழை ஒரு கணம் சிவந்து நிற்கும். அது அழகு. மலிவான எல்இடி பல்பில் கெபாசிட்டர் தேக்கிவைத்த மின்சாரத்தால் அரை விநாடிவரை மங்கலாக எரிந்துவிட்டுத்தான் அணையும், பத்துப் பல்பும் பத்து விதமாக அணையும். வாங்கும் கடையிலேயே சுவிட்ச் போட்டு அணைத்துப் பார்த்து வாங்குவது உத்தமம். எஃப்900 சிசிடி கேமரா என்பதால் ஃப்ரேம் முழுக்க ஒரே கணத்தில் பதிவாகும். இன்றைய சிமோஸ் கேமராக்கள் வரிவரியாகப் படிப்பவை. ஃப்ரேமின் நடுவில் பல்பு அணைந்தால் மேல்பாதி வெளிச்சமாகவும் கீழ்பாதி இருட்டாகவும் ஒரு ஃப்ரேம் விழும். எடிட்டில் அந்த ஒரு ஃப்ரேமைத் தூக்கிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 24 ஃப்ரேமுக்கு ஷட்டரை 172.8 டிகிரியில், அதாவது விநாடியில் ஐம்பதில் ஒரு பங்காக வைக்காவிட்டால் வெளிச்சம் துடிக்கும்.

ஜெனரேட்டரின் சத்தம் டயலாக்கில் ஏறாமலிருக்க அதைக் கட்டடத்துக்கு மறுபக்கம் 100 மீட்டர் தள்ளி நிறுத்துவார்கள். அங்கிருந்து 2.5 சதுர மிமீ செம்புக் கேபிள் இழுத்து 10 ஆம்பியர் எடுத்தால், போக வர 200 மீட்டரில் சுமார் 15 வோல்ட் காணாமல் போகும். 230 வோல்ட்டில் அது 6 சதவீதத்துக்கும் மேல், டங்ஸ்டன் விளக்குகள் மஞ்சளடிக்கத் தொடங்கும். 6 சதுர மிமீ கேபிள் போட்டால் இழப்பு 6 வோல்ட்தான். கேபிள் வாடகையில் மிச்சம் பிடிக்கப் பார்த்து லைட்டில் இழப்பது வழக்கமாக நடக்கும் தவறு.

ஒலிநாடா

மைக் என்ற வேலையாள் ஒரு பழைய அறையில் ஒலிநாடாக்களைக் கண்டெடுக்கிறான். மேரி ஹாப்ஸ், நோயாளி எண் 444. அவளோடு மருத்துவர் நடத்திய ஒன்பது அமர்வுகள். தலைப்பு அங்கிருந்து வந்தது. வேலைக்கு நடுவே திருட்டுத்தனமாக ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவளுக்குள் பிரின்சஸ், பில்லி, சைமன் என்று வேறு வேறு குரல்கள். சைமன் மட்டும் கடைசிவரை பேசுவதில்லை.

சிக்கன வழியாக இதைவிடப் பெரியது இந்தப் படத்தில் இல்லை. பின்கதையைக் காட்ட அந்தக் காலத்து உடை வேண்டாம், சுத்தமான வார்டு செட் வேண்டாம், துணை நடிகர்கள் வேண்டாம். ஒரு ரீல் பிளேயர், இரண்டு குரல். ஆனால் காசு மிச்சமானது மட்டுமல்ல விஷயம். மேரி என்ற நோயாளியை நாம் உயிரோடு பார்ப்பதே இல்லை. கலைந்த தலையோடு காரிடாரில் ஓடிவந்து கழுத்தைப் பிடிக்கும் ‘பைத்தியம்’ இந்தப் படத்தில் இல்லை. அவள் பேசுகிறாள், ஒருவன் உட்கார்ந்து கேட்கிறான். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக மாற்றிவைத்திருக்கும் சினிமாவில் வளர்ந்த நமக்கு, இது சின்ன விஷயமாகத் தோன்றக் கூடாது.

பல ஆளுமைகளைக் கொண்டவள், அவர்களில் ஒருவன் கொலைகாரன் என்ற சித்திரிப்பு அப்படியொன்றும் குற்றமற்றது அல்ல. இந்த நோயோடு வாழ்பவர்கள் பிறரைத் தாக்குவதைவிடத் தங்களைக் காயப்படுத்திக்கொள்வதே அதிகம். படம் அதை மாற்றிச் சொல்வதை மறைக்க வேண்டியதில்லை. மனநோய்க்காக மூளை நரம்பிழைகளைத் துண்டிக்கும் லோபாட்டமி என்ற அறுவை பற்றியும் ஒரு திருத்தம் தேவை. டான்வர்ஸ்தான் அது பிறந்த இடம் என்று இன்றும் பரவலாகச் சொல்கிறார்கள். தவறு. 1935இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கியது அது. அமெரிக்காவில் 1936இல் வாஷிங்டனில் வால்டர் ஃப்ரீமனும் ஜேம்ஸ் வாட்ஸும் செய்தார்கள். கண்குழி வழியாகக் கூர்முனைக் கம்பியைச் செலுத்தும் முறையை ஃப்ரீமன் 1946இல் தொடங்கினார். படத்தில் ஹேங்க் என்ற வேலையாள் சுவருக்குள் கண்டெடுக்கும் கருவி இந்த வகைதான்.

குரலை எப்படி வைத்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மைக் கேட்கத் தொடங்கும்போது குரல் அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, அறையின் எதிரொலியோடு. பிறகு காட்சி வேறு ஆட்களுக்குத் தாவும்போது குரல் முழு அகலத்தில், எதிரொலி இல்லாமல் நம் காதருகே வருகிறது. இதைச் செய்யக் குரலைச் சுத்தமாக ஸ்டூடியோவில் ஒருமுறை பதிவு செய்து, அதையே படப்பிடிப்பு நடந்த அறையில் சின்ன ஸ்பீக்கரில் ஓடவிட்டு மறுபதிவு செய்து இரண்டு தடங்களாக வைத்துக்கொள்ள வேண்டும். ப்ளக்இன் போட்டு எதிரொலி சேர்ப்பதைவிட இது நம்பும்படி இருக்கும். இசை கிளைமாக்ஸ் கோல்டன் ட்வின்ஸ் என்ற சியாட்டில் குழுவினுடையது. பாட்டாக முணுமுணுக்க முடியாத இசை அது, பெரும்பாலும் எங்கோ ஓடும் மெஷினின் சத்தம்போல் கிடக்கும்.

பார்க்க முடியாத நார்

ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் வேலையைத் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு புத்திசாலித்தனம் இருக்கிறது. அந்த நார் கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, மூச்சோடு உள்ளே போய்த் தங்கி, 10 முதல் 40 வருடம் கழித்து நுரையீரலில் வேலையைக் காட்டும். பேய்க்கு இதைவிட நல்ல உவமை யாருக்குக் கிடைக்கும்? படம் இதைச் சத்தம்போட்டுச் சொல்வதில்லை.

ஆனால் வேலையைக் காட்டிய விதத்தில் ஓட்டை உண்டு. உண்மையான வேலையில் அறையை 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிமனுள்ள பாலித்தீனால் இரண்டடுக்கு மூடி, நுண்ணிய தூசையும் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் பொருத்திய மெஷினால் உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து வைப்பார்கள், நார் வெளியே போகாமலிருக்க. பொருளை நனைத்துத்தான் பிய்ப்பார்கள். வெளியே வர மூன்று அறை: உடை கழற்ற, குளிக்க, மாற்றுடை போட. படத்தில் நினைத்த இடத்தில் மாஸ்க்கைக் கழற்றிப் பேசுகிறார்கள், அருகிலேயே சாப்பிடுகிறார்கள். முகம் தெரியாவிட்டால் நடிப்பு தெரியாது, மாஸ்க்கோடு பேசினால் வசனம் கேட்காது என்பதால் செய்த சமரசம். மாஸ்க் காட்சிகளுக்கு வசனத்தை டப்பிங்கில் வைத்து, முகம் தேவைப்படும் காட்சிகளை வெளியே வேனுக்கு அருகில் நடத்தியிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும்.

பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் உண்மையாகவே படமெடுப்பவர்கள் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. குழாய்களில் சுற்றிய உறை, பாய்லர் பூச்சு, 9 அங்குலச் சதுரத் தரை ஓடு எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் முதல் நாளே துடைப்பத்தோடு இறங்கிவிடுவார்கள், அதுதான் ஆகப் பெரிய ஆபத்து. பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சாதாரண வாக்குவம் கிளீனர் நாரை அறை முழுக்க ஊதிவிடும். ஹெபா உள்ளதுதான் வேண்டும். புறா எச்சம் குவிந்த அறையில் காய்ந்த எச்சத்தைக் கிளறினால் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வரலாம். மரத் தளம் என்றால் சுவரோரமாக நடக்க வேண்டும், உத்தரம் சுவரில் ஊன்றும் இடம்தான் கடைசியில் இற்றுப்போகும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் மழைநீர் சுவர் வழியே இறங்கிய கட்டடத்தில் அந்த ஓரம்தான் முதலில் இற்றிருக்கும். பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பகுதியைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறித்து, கோட்டுக்கு அப்பால் யாரும் போகாமல் பார்த்துக்கொள்வதே வழி. டான்வர்ஸ் யூனிட் சின்ன இடத்துக்குள் அடங்கிக்கொண்டதை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் அருமை புரியும்.

வெட்டியதும் விட்டதும்

முதலில் எழுதிய கதையில் இன்னொரு பாத்திரம் இருந்தது. கட்டடத்துக்குள் ஒளிந்து வாழும் வீடற்ற ஒரு பெண். சோதனைக் காட்சியில் பார்த்தவர்கள் குழம்பினார்கள், அவள் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். டிவிடியில் நீக்கிய காட்சிகளாக அவை இருக்கின்றன. பார்த்தால் வெட்டியது எத்தனை சரி என்று தெரியும். அவள் இருந்தால் ‘செய்தது இவளா?’ என்று ஒரு சந்தேக ஆள் கிடைத்துவிடும். அவள் இல்லாதபோது ஐந்து பேரைத் தவிர யாருமில்லை, அந்த ஐவரையே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோர்டன் படம் முழுக்க மனைவிக்கு செல்போனில் பேசிக்கொண்டிருக்கிறான். மன்னிப்புக் கேட்கிறான், வீட்டுக்கு வரட்டுமா என்கிறான். கடைசியில் அந்த போன் உடைந்த போன் என்று தெரிகிறது. வேலை கிடைத்த அன்றே, கொதிக்கும் தண்ணீர் காலில் பட்ட கோபத்தில் தொடங்கி, மனைவியையும் குழந்தையையும் கொன்றுவிட்டிருக்கிறான். ஒரு உடைந்த போன், பீட்டர் முல்லனின் முகம். மொத்த உச்சக்காட்சியும் இதில் அடங்கிவிட்டது. அப்போதுதான் ஒன்பதாவது நாடாவில் சைமன் வாய் திறக்கிறான். சைமன் ஆவியா, கோர்டனுக்குள் முன்பே இருந்த வக்கிரமா என்பதைப் படம் முடிவு செய்வதில்லை. இரண்டில் எதை எடுத்தாலும், கொன்றவன் நோயாளி அல்ல, காலையில் டிபன் பாக்ஸோடு வேலைக்கு வந்தவன்.

பிந்தைய படங்களில் ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2018 மார்ச்சில் வந்த கொரியப் படம் ‘கொன்ஜியாம்’. இயக்கம் ஜங் பம்-ஷிக். நடிகர்கள் உடம்பில் கட்டிய கேமராக்களால் தாங்களே எடுத்த காட்சிகள் அதில் ஏராளம். கொரியாவில் மட்டும் 26 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. 1996இல் மூடிய உண்மையான மனநல ஆஸ்பத்திரியின் பெயரை வைத்துக்கொண்டார்கள், ஆனால் எடுத்தது பூசானில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில். இடத்தின் உரிமையாளர் தடைகேட்டு நீதிமன்றம் போனார், தடை கிடைக்கவில்லை. பயமுறுத்துவதில் அது கெட்டிக்காரப் படம்தான். கழுத்தில் கட்டிய கேமரா நடிகரின் முகத்தையே விடாமல் காட்டுவது நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் உள்ளே இருந்த நோயாளிகள் அதில் வெறும் பூச்சாண்டிகள். அந்த ஆஸ்பத்திரி பற்றிய வதந்திகளைப் படம் இன்னும் பெரிதாக்கிவிட்டுப் போனது. அதே வருடம் கட்டடத்தை இடித்துவிட்டார்கள்.

டான்வர்ஸும் 2006இல் இடிக்கப்பட்டது. நடுக்கட்டடத்தின் முகப்பையும் ஒட்டிய சிறகுகளின் வெளிச்சுவரையும் மட்டும் நிறுத்திவைத்து, பின்னால் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பினார்கள். உள்ளே இருந்த வார்டுகள், காரிடார்கள் எதுவும் இப்போது இல்லை. அவை எப்படி இருந்தன, பிற்பகல் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதை அசையும் படத்தில் பார்க்க வேண்டுமென்றால் ‘செஷன் 9’ஐத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரியின் இடுகாடு அதே நிலத்தில் இன்னும் இருக்கிறது. இறந்த நோயாளிகளைப் பெயரில்லாமல், எண் பொறித்த சின்னக் கற்களின் கீழ் புதைத்திருந்தார்கள். மேரி ஹாப்ஸின் 444 படத்துக்காக இட்ட எண்தான், ஆனால் அப்படி எண்ணாகவே போனவர்கள் அங்கே நூற்றுக்கணக்கில் கிடந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் முன்னாள் நோயாளிகள் முன்னின்று, பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எந்த எண் யார் என்று கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். இப்போது அங்கே பெயர்களைப் பொறித்த கற்களும் இருக்கின்றன.